நடுக் காவிரியில் விகடக் கச்சேரி

படகு நடுக் காவிரியில் மணலில் ஏறி நின்றுவிட்டது. அதில் டிக்கெட் வாங்கியவர்கள் நாற்பது பேர், ஒரு விகடக்காரன், ஒரு சபா காரியதரிசி, என் மைக்செட், நான். நடந்தது இவ்வளவுதான். எப்படி நடந்தது என்று கேட்பவர்களுக்காக மேலே எழுதுகிறேன்.

மைக்செட் தொழிலில் ஒரு பெரிய தண்டனை உண்டு. பேச்சு பிடிக்காவிட்டால் மற்றவர்கள் எழுந்து போகலாம். மைக்செட்காரன் போக முடியாது. நன்றியுரை முடிகிறவரை பெட்டி பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஸ்ரீரங்கத்தில் கடை வைத்திருந்த காலத்தில் கல்யாணம், காதுகுத்து, தேர்தல் கூட்டம், பட்டிமன்றம் எல்லாம் கேட்டுத் தொலைத்தேன். நீங்களும் பல கூட்டங்களில் காது புளித்தவர்கள்தான். ஆனால் உங்களுக்கு வாசல் என்று ஒன்று இருந்திருக்கும்.

காரியதரிசியின் மூளை

வருஷம் ஐம்பத்தெட்டோ, ஐம்பத்தொன்பதோ. விகடம் வைத்தி என்று ஒருவன். ஒரே ஆளாக நின்றுகொண்டு பல குரலில் பேசி ஊரைச் சிரிக்கவைக்க வேண்டும், அது அவன் ஆசை. ஊருக்கு அந்த ஆசை இல்லை. உறையூரில் ஒரு தடவை பேசினான். பாதியில் பாதிப் பேர் போய்விட்டார்கள். மீதிப் பேர் இருந்ததற்குக் காரணம், வெளியே மழை.

அடுத்த கச்சேரி படகில் என்று காரியதரிசி முடிவு செய்தார். அம்மா மண்டபம் படித்துறையில் ஏறி, மெதுவாக ஆற்றில் ஒரு சுற்று, விகடம், சுண்டல், திரும்பி வருவது. நான் சும்மா இருந்திருக்கலாம். "படகு எதுக்கு சார்?" என்று கேட்டுவிட்டேன்.

"ஆத்துக்கு நடுவுல எவன் சார் எழுந்து போவான்?" என்றார்.

வேலையை விட்டவன்

வைத்தி மளிகை மண்டியில் குமாஸ்தா. கச்சேரிக்கு முதல் நாள் என் கடைக்கு வந்தான். மெட்ராஸிலிருந்து ஒரு சபாக்காரர் வருகிறாராம். படகில் முன் வரிசையில் உட்காருவாராம். அவருக்குப் பிடித்துவிட்டால் ஒரு சீசன் முழுக்க மெட்ராஸில் கச்சேரியாம். பிடிக்காவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். மண்டி வேலையை இரண்டு நாள் முன்பே ராஜினாமா செய்துவிட்டேன் என்றான். வீட்டுக்காரிக்கு இன்னும் தெரியாதாம். கைக்குழந்தை வேறு.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம் வைத்துத் தாண்டுகிறவனைப் பார்த்திருக்கிறேன். இரண்டு காலையும் ஒரே சமயத்தில் தூக்குகிறவனை அன்றுதான் பார்த்தேன். சொன்னேன். அவன் சிரித்தான்.

"நல்லா இருக்கே அண்ணே, இதை நாளைக்கு நான் சொல்லிக்கட்டுமா?" என்றான்.

பெட்டி அழுதது

படகோட்டி அந்தோணி. பாலக்கரை ஆள். கூட அவன் தம்பி. பெரிய படகு, நடுவில் பலகை போட்டு மேடை. இரண்டு பக்கமும் எதிரும் புதிருமாகப் பெஞ்சு வரிசைகள். நான் ஆம்ப்ளிஃபயரையும் கார் பேட்டரியையும் மேடை ஓரத்தில் வைத்தேன். ஒலிபெருக்கிக் குழாயை மூங்கிலில் கட்டினேன். சுவிட்சைப் போட்டதும் ஊளையிட ஆரம்பித்தது. மைக்கும் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அப்படித்தான். படகில் அவற்றை எங்கே தள்ளி வைப்பது? குழாயின் வாயைக் கரைப் பக்கம் திருப்பினேன். ஊளை நின்றது.

காரியதரிசி குதித்தார். காசு கொடுத்தவன் படகில் இருக்கிறான், ஓசியில் கேட்கிறவன் படித்துறையில் இருக்கிறான், குழாய் அவனுக்கா என்றார். வேறு வழி கிடையாது, ஊளை வேண்டுமா விகடம் வேண்டுமா என்றேன். அவர் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார்.

அந்தோணி கழியை ஊன்றிக்கொண்டு, "பேசறதுக்கு முன்னாடியே அழுதுடிச்சே அண்ணே ஒங்க பெட்டி" என்றான்.

மாமியார் வலது தோளில்

முதல் அயிட்டம் மாமியார் மருமகள் சண்டை. துண்டு வலது தோளில் இருந்தால் மாமியார், இடது தோளுக்குப் போனால் மருமகள். குரலில் வித்தியாசம் இல்லை, துண்டில்தான். சண்டை முற்ற முற்றத் துண்டு வேகமாகப் பறந்தது. கடைசியில் எந்தத் தோளில் யார் என்று அவனுக்கே குழம்பி, மாமியார் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

படகில் சத்தம் இல்லை. படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்குத் துண்டு தெரியாது, குழாய் மட்டும்தான். மெட்ராஸ்காரர் கைக்குட்டையை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தார். நான் வைத்தியைப் பார்த்தேன். வேர்த்து ஊற்றுகிறது.

பக்கத்திலிருந்த ஒரு அம்மா, நல்ல மனசு, கணவரிடம், "பாவம், துண்டை யாராவது வாங்கி வெச்சுக்கோங்களேன்" என்றார்.

பாலத்தில் ரயில்

அடுத்தது டாக்டரும் நோயாளியும். கொஞ்சம் தேவலை. டாக்டர் கடைசியாக ஒரு பதில் சொல்ல வேண்டும், அதில்தான் சிரிப்பு. வைத்தி வாயைத் திறந்தான். பாலத்தில் ரயில் வந்தது. காவிரிப் பாலத்தில் ரயில் போனால் பக்கத்து ஆள் பேசுவதே கேட்காது. ரயில் போய் முடிந்தபோது வைத்தி சிரிப்புக்காகக் காத்துக்கொண்டு நின்றான். நாற்பது முகம் அவனைப் பார்த்தது.

காரியதரிசி எழுந்து, மறுபடி சொல்லுங்கள் என்றார். வைத்தி மறுபடி சொன்னான்.

பின் வரிசையில் ஒருவர் மெதுவாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "ரயில் வந்தப்பவே நல்லா இருந்துது."

இரண்டு சாமிகளுக்கு நடுவே

படகு போன பாதையில் வடக்கே ரங்கநாதர், தெற்கே மலைக்கோட்டை. ஸ்ரீரங்கத்து மிராசுதார் ஒருவர் ஏறும்போதே கோபுரத்தைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்தார். பெருமாளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிரிக்க மாட்டாராம். அவர் ஜமா பத்துப் பன்னிரண்டு பேரும் அதே பெஞ்சு. உடனே பெரியகடை வீதி ஜவுளிக்கடைக்காரர் மலைக்கோட்டையைப் பார்த்த பெஞ்சுக்குப் போனார். அவருக்கும் ஒரு ஜமா. அதுவரை சரி. பெஞ்சுகள்தான் எதிரும் புதிருமாக இருக்கின்றனவே.

படகுக்கு இதெல்லாம் தெரியுமா? ஆற்று நடுவில் நீரோட்டம் இழுத்தது. மெதுவாகத் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் மிராசுதாருக்கு எதிரே மலைக்கோட்டை.

"அபசாரம், அபசாரம்! எழுந்திருங்கோ. பெருமாள் அந்தண்ட இருக்கார், நாம இந்தண்ட பாத்துண்டிருக்கோம்!" என்று கிளம்பினார். அவர் ஜமாவும் கிளம்பியது.

ஜவுளிக்கடைக்காரர் மட்டும் இளைத்தவரா? "உச்சிப் பிள்ளையார் மேலேர்ந்து பாத்துக்கிட்டிருக்காரு. நாம மட்டும் முதுகைக் காட்டணுமா? வாங்கப்பா!"

இரண்டு ஜமாவும் நடுமேடையில் மோதிக்கொண்டன. வைத்தி டாக்டர் குரலில் ஏதோ சொல்லிப் பார்த்தான். யாரும் கவனிக்கவில்லை. படகு ஒரு பக்கம் சாய்ந்தது. என் பேட்டரி நகர்ந்தது. அதன்மேல் விழுந்து பிடித்துக்கொண்டேன். அந்தோணி கழியை ஆழமாக ஊன்றினான். கழி சேற்றில் மாட்டிக்கொண்டது. கழி அங்கேயே நிற்க, படகு நகர்ந்து போய் மணல் திட்டில் ஏறி உட்கார்ந்தது.

அந்தோணி வெறுங்கையோடு நின்று எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தான். "சாமிங்க ரெண்டு பேரும் இருந்த எடத்துலயேதான்யா இருக்காங்க. நீங்கதான் ஆடறீங்க."

யார் இறங்குவது?

திட்டின் மேல் முழங்கால் தண்ணீர். திட்டைத் தாண்டினால் இரண்டு பக்கமும் ஆள் ஆழம், நல்ல இழுப்பு. பாரம் குறைந்தால் படகு மிதக்கும், ஆண்கள் இறங்கித் தள்ளினால் போதும் என்றான் அந்தோணி. தம்பியோடு அவன் இறங்கினான். வேறு யாரும் இறங்கவில்லை.

மிராசுதாருக்கு வாயு. ஜவுளிக்கடைக்காரர் கட்டியிருந்தது புது வேஷ்டி, சாயம் போகுமாம். அவர் கடைச் சரக்குதான், அவருக்குத் தெரியாதா? காரியதரிசி தான் பொறுப்பில் இருப்பதாகச் சொன்னார். நானும் இறங்கவில்லை. பேட்டரியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பேட்டரி தானாகவே உட்கார்ந்திருக்கும் என்பது எனக்கும் தெரியும்.

வைத்தி இறங்கினான். வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படகில் தோளைக் கொடுத்துத் தள்ளினான். மூன்று பேரால் என்ன ஆகும்? அசையவில்லை.

மெட்ராஸ்காரர் அப்போதுதான் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "இது நிகழ்ச்சியில சேர்ந்ததா?"

கரையில் கைதட்டல்

வெளிச்சம் மங்க ஆரம்பித்தது. இரண்டு பெண்கள் அழத் தொடங்கினார்கள். காரியதரிசி மைக்கைப் பிடித்தார். "கரையில் உள்ள பெரியோர்களே, படகு மாட்டிக்கொண்டது! வேறு படகு அனுப்புங்கள்!"

படித்துறையில் வெடிச்சிரிப்பு. சாயந்திரம் முழுக்க அந்தக் குழாயில் விகடம் கேட்டவர்கள். இதுவும் விகடம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"விளையாட்டு இல்லை ஐயா! பெண்கள் இருக்கிறார்கள்! குழந்தைகள் இருக்கிறார்கள்!" குரல் உடைந்தது. கரையில் கைதட்டினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அன்று மாலை நன்றாகச் சிரித்தது அதற்குத்தான்.

காரியதரிசி மைக்கைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். தண்ணீரைத் தாண்டி ஒரு குரல் வந்தது: "ஒன்ஸ்மோர்!"

கன்றுக்குட்டி

கீழ்ப்பக்கம் இன்னொரு திட்டில் எருமைகள் ஏழெட்டு நின்றன. மேய்க்கிற பெண் அவற்றை வீட்டுக்கு ஓட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தோணி கூப்பிட்டான். காற்று எதிர்க்காற்று, அவள் திரும்பவில்லை. "அதுங்க நாலு வந்தா இழுத்துடலாம்" என்றான்.

வைத்தி நனைந்த வேஷ்டியோடு படகில் ஏறினான். காரியதரிசி கையிலிருந்து மைக்கை வாங்கினான். குழாயை அந்தப் பக்கம் திருப்புங்கள் அண்ணே என்றான். திருப்பினேன். துண்டு இல்லை, தோள் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, எருமைக் கன்று பால் குடிக்கத் தாயைத் தேடிக் கத்துகிற மாதிரி கத்தினான்.

எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் எடுத்தது.

திட்டில் ஒரு எருமை தலையைத் தூக்கியது. அவன் இரண்டாவது தடவை கத்தினான். அது தண்ணீரில் இறங்கி நேராக எங்களை நோக்கி நீந்தி வந்தது. மற்றவை பின்னாலேயே. கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் வந்தாள். மருதாயி என்று பெயர். எங்கள் திட்டில் ஏறுவதற்கு முன்பே கத்தினாள்.

"எவன்டா அவன், என் கன்னுக்குட்டிய மைக்குல கட்டிப் போட்டவன்?"

இறங்கியவர்கள்

கன்று இல்லை, இவன்தான் என்று காட்டினோம். அவள் நம்பவில்லை. பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். என் ஆம்ப்ளிஃபயர் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். வைத்தி அவள் முன்னால் நின்று இன்னொரு தடவை கத்திக் காட்டினான். முன்னால் வந்த எருமை அவன் சட்டையை நக்கியது. அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

எருமைகளைக் கட்டி இழுக்கச் சம்மதித்தாள். ஆனால் பாரத்தோடு இழுக்காது, எல்லாரும் இறங்க வேண்டும் என்றாள். மறுபடி வாயு, வேஷ்டி, பொறுப்பு எல்லாம் வந்தன. "எரும எறங்கி நிக்குது. ஒங்களுக்கு என்ன, கால் கரைஞ்சு போயிருமா? எறங்குய்யா பெரியவரே!"

மிராசுதார் இறங்கினார். ஜவுளிக்கடைக்காரர் இறங்கினார். காரியதரிசி, மெட்ராஸ்காரர், பேட்டரியை விட்டுவிட்டு நான். முழங்கால் தண்ணீரில் மிராசுதார் ஜவுளிக்கடைக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். யார் எந்தத் திக்கைப் பார்த்து நின்றார்கள் என்று யாருமே பார்க்கவில்லை. எருமைகள் இழுத்தன, நாங்கள் தள்ளினோம், படகு மிதந்தது. அந்தோணியின் தம்பி நீந்திப் போய்க் கழியைப் பிடுங்கி வந்தான்.

மருதாயி கயிற்றை அவிழ்த்துக்கொண்டே வைத்தியிடம், "இனிமே இந்தப் பக்கம் வந்து கத்தாதே தம்பி. ஆசை காட்டினா பால் சுரந்துடும், அப்பறம் யாரு குடிக்கிறது?" என்றாள்.

மெட்ராஸ்காரர்

படித்துறையில் ஏறினோம். சிரித்த கூட்டம் இன்னும் நின்றுகொண்டிருந்தது. நனைந்த எங்களைப் பார்த்து மறுபடி சிரித்தது. வைத்தி ஓரமாகப் போய் நின்றான். இந்தக் குரலை ஏன் முதலிலேயே போடவில்லை என்று கேட்டேன். "சின்ன வயசுல வீட்ல எருமை இருந்துது அண்ணே. வீட்ல கத்தறதெல்லாம் சபைக்கு ஆகாதுன்னு நெனச்சேன்" என்றான். முட்டாள். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் மைக் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

மெட்ராஸ்காரர் வேஷ்டியைப் பிழிந்துகொண்டே வந்தார். கைக்குட்டை மட்டும் நனையவில்லை, சட்டைக் காலரில் செருகியிருந்தார். வைத்தி கைகட்டி நின்றான்.

"கன்னுக்குட்டி ஒண்ணு போதும். மாமியாரை இங்கேயே விட்டுட்டு வா" என்றார்.

அந்த வருஷச் சபா மலரில் படகுக் கச்சேரி சிறப்பாக நடந்ததற்குப் பதினோரு பேருக்கு நன்றி போட்டு, என் பெயரையும் தப்பாகப் போட்டிருந்தார்கள். நாற்பது பேரைக் கரை சேர்த்து, ஒருவனுக்குச் சோறும் போட்டது மருதாயியின் எருமை கருப்பாயி.