டீச்சரின் பிரம்பு நாற்காலி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படித்தது ஐந்தாவது வரைதான், மறதியும் அதிகம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூலக்குளத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் டியூஷன் நடக்கிறது. நேற்று ஜன்னல் வழியாக டீச்சர் குரல் கேட்டது: "கதை புடிச்சிருந்தா போதாது, ஏன் புடிச்சிதுன்னு சொல்லணும்." உடனே என் வயிறு பழையபடி எரிந்தது.

நான் ஐந்தாவது படித்தபோது எங்கள் ஊரைவிட்டுப் பிரெஞ்சுக்காரர்கள் போன புதிது. எங்கள் டீச்சரும் இதையேதான் கேட்பார். வெள்ளிக்கிழமை மதியம் ஒரு கதை வாசிப்பார். நல்ல பதில் சொல்பவள் அடுத்த வாரக் கதையை அவருடைய பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கலாம். அந்த நாற்காலிக்கு நான் ஏங்கிக் கிடந்தேன்.

அன்றைய கதையின் முடிவில் அம்மா செத்துப்போனாள். நான் தேம்பித் தேம்பி அழுதேன். இந்த வாரம் நாற்காலி எனக்குத்தான் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த, பிள்ளைச்சாவடி ஊரிலிருந்து வரும் அஞ்சலை, "மூக்கத் தொடைடி, கருமாதிக்கா வந்திருக்க?" என்றாள். பிறகு எழுந்து நின்றாள்.

"அந்தம்மாவுக்கு ஒரு நோவும் இல்ல டீச்சர். நாம அழணும்னே எழுதுனவரு கடைசியில சாவடிச்சிட்டாரு."

டீச்சர் புத்தகத்தை மூடிவிட்டு அவளையே பார்த்தார். "இப்படித்தான்டி கதை படிக்கணும்!" நாற்காலி அவளுக்குப் போனது.

அதே பதில் என் மனசிலும் இருந்தது. அழுகையில் வாய்க்கு வரவில்லை. முதலில் கை தூக்கியதுகூட நான்தான் என்று நினைவு. அந்த வகுப்பில் படித்தவர்கள் யாராவது சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள். அஞ்சலையிடம் மட்டும் கேட்காதீர்கள்.