இடது கண்ணில் நின்ற கட்டம்

பேய், ஆவி என்று யாராவது பேச்சை எடுத்தால் சிரித்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்க்கிற வேலை. ஒரு கோளாறு ஒரே ஒரு தடவை வந்தால் அது கணக்கில் வராது, இன்னொரு தடவை வரவழைத்துக் காட்டினால்தான் எங்கள் தொழிலில் அது கோளாறு. அதனாலேயே இதை யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் என் கேமராவைப் பற்றி, வாங்கலாமா வேண்டாமா என்று கேட்டீர்கள். அதைச் சொல்லப்போனால் இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

ஃபுல் ஃபிரேம் கேமராக்களில் நம்மைப் போன்றவர்கள் வாங்கக்கூடிய விலையில் வருவது இது. உள்ளே இருக்கிற சென்சார் பழைய ஃபிலிம் அளவுக்குப் பெரியது. அதனால் ட்யூப்லைட் போடாத அறையில்கூடப் படம் புள்ளி புள்ளியாக உடையாது, தோலின் நிறம் தோலின் நிறமாகவே விழும், முகம் மட்டும் தெளிவாக நின்று பின்னால் இருப்பதெல்லாம் மெத்தென்று மங்கிப்போகும். குறைகளும் உண்டு. பேட்டரி சீக்கிரம் தீரும். கார்டு போட ஒரே இடம், அது போனால் எல்லாம் போச்சு. கை நடுங்கினால் சமாளிக்கிற வசதி உள்ளே கிடையாது. ஓடுகிற குழந்தைகளை எடுக்க லாயக்கில்லை.

ஆனால் கண்ணைப் பிடிப்பதில் கெட்டி. முகத்தைக் கண்டதும் திரையில் ஒரு வெள்ளைக் கட்டம் வந்து உட்காரும், அதற்குள் கண்ணின்மேல் சின்னதாக இன்னொரு கட்டம். ஆள் நகர்ந்தால் கூடவே நகரும். இடது கண்ணா வலது கண்ணா என்று நாமே சொல்லியும் வைக்கலாம். நடந்ததெல்லாம் இந்தக் கட்டத்தில்தான்.

என்னோடு வேலை பார்க்கிற ஸ்டெல்லாவின் வீடு அடுகோடிப் பகுதியில். அவளும் அப்பாவும்தான். அப்பா அருளப்பன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி காலமான பிறகு யார் கேமராவைத் தூக்கினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர். அவருக்கு இருதயத்தில் ஆபரேஷன் என்று முடிவான வாரம் ஸ்டெல்லா என் மேஜைக்கு வந்தாள்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி அப்பாவ நல்லதா ஒரு போட்டோ எடுக்கணும் சரவணா. எதுக்குன்னு மட்டும் கேக்காத."

சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் போனேன். பட்டப்பகல், ஜன்னல் வழியாக நல்ல வெளிச்சம். அவரைச் சோபாவில் உட்கார வைத்தேன். முகத்தின் நிழல் பக்கம் கொஞ்சம் வெளிச்சம் திரும்ப விழட்டும் என்று ஸ்டெல்லா ஒரு தெர்மாகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள். வீட்டில் வேறு யாரும் கிடையாது. கேமராவை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு நான் பின்னால் நின்றேன். அதன் திரை என் பக்கம்தான் இருக்கும், அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

கட்டம் முதலில் அவர் முகத்துக்கு வரவில்லை. சுவரிலிருந்த திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் போய்விட்டது. அது சகஜம், கடிகாரத்தைக்கூடச் சில நேரம் முகம் என்று நினைத்துக்கொள்ளும். சோபாவைக் கொஞ்சம் நகர்த்தி அந்தப் படம் உள்ளே வராமல் செய்தேன். கட்டம் அவர் முகத்துக்கு வந்தது. சில படங்கள் எடுத்தேன். மனிதர் அடையாள அட்டைக்கு உட்கார்ந்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, ஸ்வல்ப சிரிங்கப்பா," என்றாள் ஸ்டெல்லா, 'கொஞ்சம்' என்பதற்குக் கன்னடம்தான் அவள் வாயில் வரும்.

"சிரிப்பு வந்தாதானேம்மா சிரிக்க முடியும்?"

அப்போதுதான் கட்டம் அவரை விட்டுவிட்டுச் சமையலறை வாசலுக்குப் போனது.

நிமிர்ந்து பார்த்தேன். வாசலில் யாரும் இல்லை. திரைச்சீலைகூடக் கிடையாது. கேமராத் திரையில் பார்த்தால் கட்டம் அங்கேயே நிற்கிறது, குள்ளமான ஒருவர் நின்றால் முகம் எங்கே இருக்குமோ அந்த உயரத்தில். வெளிச்சத்தில் ஏதோ குழப்பம் என்று நினைத்தேன். பிறகு அது நகர ஆரம்பித்தது. வழக்கமாகத் தப்பாகப் பிடித்த கட்டம் அங்கும் இங்கும் குதிக்கும், இது குதிக்கவில்லை, ஒருவர் நடந்து வருகிற மாதிரி சாப்பாட்டு மேஜையைச் சுற்றிக்கொண்டு நிதானமாக வந்து, அவர் பக்கத்தில் நின்று, அப்படியே கீழே இறங்கியது. உட்கார்ந்த மாதிரி.

அது இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அருளப்பன் அங்கிள் திரும்பிக்கூடப் பார்க்காமல் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். உடனே அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. நான் அழுத்திவிட்டேன்.

எனக்குப் பயமாக இல்லை, அதுதான் ஆச்சரியம். வேலைப் புத்தி, சோதித்துப் பார்த்தேன். இடது கண் என்று வைத்தால் பெரிய கட்டத்துக்குள் சின்னக் கட்டம் வந்தது. வலது கண் என்று மாற்றினால் சின்னக் கட்டம் வரவே இல்லை. அங்கிளின் முகத்தில் மாற்றிப் பார்த்தேன், இரண்டு கண்ணுக்கும் வந்தது. பக்கத்துக் காலி இடத்தில் இடது கண் மட்டும்தான்.

படங்களை லேப்டாப்பில் போட்டதும் ஸ்டெல்லா அந்தச் சிரிக்கிற படத்தில் நின்றுவிட்டாள். அதில் அவர் முகம் லேசாக மங்கல். அவருக்குப் பக்கத்தில், ஒன்றுமே இல்லாத இடத்தில், ஜன்னல் வெயிலில் மிதக்கிற தூசி மட்டும் துல்லியமாக விழுந்திருந்தது.

"இதுதான் வேணும்," என்றாள். "மங்கலா இருந்தா இருக்கட்டும். அப்பா இப்படிச் சிரிச்சு எத்தன நாளாச்சு தெரியுமா?"

சுவரில் மாலை போட்ட படத்தில் அவள் அம்மா கல்யாணப் பெண்ணாக இருந்தார். இதற்கு அப்புறம் எடுத்த படம் எதுவும் இல்லையா என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

"சர்க்கரையில அம்மாவுக்கு வலது கண்ணு போயிடுச்சு சரவணா. மூடியேதான் இருக்கும். அதுக்கப்புறம் போட்டோன்னாலே எழுந்து உள்ள போயிடுவாங்க. ஆனா ஆசை இருந்துச்சு, எங்களுக்குத் தெரியும்."

கட்டத்தைப் பற்றி அவளிடம் வாயைத் திறக்கவில்லை. அவரிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து எல்லா அறையிலும் காலி நாற்காலிகளை வைத்துச் சோதித்தேன். சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன், ஒரு கோளாறும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். அது மறுபடி வரவே இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சில மாதம் கழித்து ஸ்டெல்லாவின் நிச்சயத்துக்கு அதே வீட்டில், அதே கேமராவில் படம் எடுத்தேன். கட்டம் மனிதர்களின் முகத்தில் மட்டும்தான் உட்கார்ந்தது. கிளம்பும்போது அங்கிள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, அன்னிக்கு நான் தண்ணி குடிக்க எழுந்து போனப்ப ஒண்ணு எடுத்தியே, அத எனக்கு ஒரு காப்பி போட்டுக் குடு."

எடுத்தது உண்மை. அவர் எழுந்து போனதும் காலி சோபாவை ஒரு தடவை எடுத்தேன். அவர் அப்போது அறையில் இல்லை. ஸ்டெல்லாவுக்குக் கொடுத்த படங்களில் அதைச் சேர்க்கவும் இல்லை.

பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"அவ நல்லா விழுந்திருக்கா," என்றார்.

அந்தப் படத்தை நானும் எவ்வளவோ பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். எனக்குச் சோபாவும் வெயிலும் தவிர வேறொன்றும் தெரியவில்லை. ஆனால் என் கம்ப்யூட்டரில் ஆட்களின் முகத்தைப் பார்த்துப் படங்களைப் பிரித்து வைக்கிற ஒரு புரோகிராம் இருக்கிறது, கேமராவுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அந்தப் படத்தைத் திறக்கும்போதெல்லாம் அது காலி சோபாவின்மேல் சின்னதாக ஒரு வட்டம் போட்டு, இவர் யார் என்று பெயர் கேட்கிறது. நான் இதுவரை எதுவும் எழுதவில்லை.