சனிக்கிழமைக்கு ஸ்காலர்ஷிப் இல்லை

2025 ஆகஸ்ட் 12, செவ்வாய். காலையில் ஒரு டம்ளர் அரிசி வைத்தேன். மதியத்துக்கும் இரவுக்கும் எனக்கு அதுவே போதும். அதியமான்கோட்டையில் டவுன் பஸ் ஏறி, கல்லூரி அலுவலகத்தில் மேசையைத் துடைத்து, ஸ்காலர்ஷிப் போர்ட்டலைத் திறந்தேன்.

எங்கள் செக்‌ஷனின் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளியில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளை, தமிழ்நாட்டுக்குள்ளேயே கல்லூரியில் சேர்ந்தால் மாநில அரசு மெரிட் ஸ்காலர்ஷிப் தருகிறது. வெளி மாநிலம் போனால் கிடையாது. பெங்களூர் பக்கத்திலேயே இருப்பதால் இந்த விதியை அடிக்கடி யாருக்காவது விளக்க வேண்டியிருக்கும். என் மகளும் என் வாயாலேயே அதைக் கேட்டுவிட்டுத்தான் பெங்களூர் போய்ப் படித்தாள். இப்போது வேலையும் அங்கேதான்.

அன்று மாதையன் என்பவர் வந்தார். ஏரியூர்ப் பக்கம் சொந்த ஊர். மனைவி, மகனோடு பெங்களூரில் கட்டட வேலை. மகள் கோகிலா எங்களிடம் முதலாண்டு இயற்பியல் படிக்கிறாள், ஹாஸ்டல் மாணவி. அவளும் பின்னால் நின்றாள்.

"புள்ளையோட டிசி வேணுங்க மேடம். அங்கயே ஒரு காலேஜ்ல சேத்தரலாம்னு."

"டிசி வாங்குன அன்னைக்கே ஸ்காலர்ஷிப் கேன்சல் ஆயிரும். திரும்பி வந்தாலும் கெடைக்காது. ஃபீஸுக்கு என்ன பண்ணுவீங்க?"

"ராத்திரி காங்கிரீட்டுக்கும் போறனுங்க."

"முதுகுக்கு பெல்ட் போட்டுக்கிட்டுதாங்க பகல் வேலைக்கே போறாரு," என்றாள் கோகிலா.

"நீ சும்மா இரு. போன் பண்ணி அழுதது யாரு, நானா?"

கல்யாணப் பேச்சு ஏதோ இருக்கும், அப்பாதான் இழுத்துப் போகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பேனாவைக் கீழே வைத்தேன்.

"எதுக்கும்மா அழுத? பாடம் கஷ்டமா இருக்கா?"

"பாடத்துக்கு எவ அழுவா மேடம்? சனி, ஞாயிறுதாங்க."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரூம் பிள்ளைகள் எல்லோரும் ஊருக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள். ஊரில் இவள் வீடு பூட்டிக் கிடக்கிறது.

"சாவி பக்கத்து வூட்ல இருக்குங்க. ஒருக்கா போனேன். அடுப்புல பூன குட்டி போட்டிருந்துச்சு. அப்படியே திரும்பிட்டேன். ஹாஸ்டல்ல நானும் வாட்ச்மேன் அக்காவுந்தான். அது சீரியல் பாக்க ஒக்காந்தா நிமுராதுங்க."

மாதையன் தரையைப் பார்த்தபடி, "நாங்க மூணு பேரு அங்க ஒண்ணா ஒக்காந்து திங்கறோம். இது ஒண்ணு மட்டும் இங்க. சோறு எறங்குதுங்களா?" என்றார்.

டிசி கொடுப்பதும் நாங்கள்தான். கேட்ட அன்றே தருவதில்லை என்பது எங்கள் செக்‌ஷனின் எழுதாத வழக்கம். "பிரின்சிபால் மீட்டிங்ல இருக்காங்க, நாளைக்கு வாங்க" என்போம். ஒரு இரவு தாண்டினால் பலர் மனம் மாறிவிடுவார்கள். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்தது வேறு.

"எங்க வூட்லயும் நான் ஒருத்திதாங்க. சனிக்கிழமை அங்க வந்து இருக்கட்டும்."

"உங்களுக்கு எதுக்குங்க மேடம் செரமம்?"

"செரமமில்லீங்க."

கோகிலா கேட்டாள்: "டிவி இருக்குங்களா?"

"இருக்கு. ரீசார்ஜ் பண்ணல."

"ஏங்க மேடம்?"

"பாக்க ஆளில்ல."

மாதையன் வெளியே போய் மனைவியோடு நெடுநேரம் போனில் பேசினார். திரும்பி வந்து, "ரெண்டு வாரம் பாக்கலாங்க. சரிப்படலன்னா டிசி வாங்கிக்கறேன்," என்றார். ஹாஸ்டல் வார்டனிடம் மூவரும் போனோம். லோக்கல் கார்டியன் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். அவர் பெங்களூர் பஸ்ஸுக்குக் கிளம்பினார். கோகிலா லேப் இருக்கிறதென்று ஓடினாள்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் இதைச் சொல்லலாம் என்று போன் செய்தேன். "மீட்டிங்ல இருக்கேம்மா," என்றாள்.

இந்த செக்‌ஷனுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். மதிப்பெண், வருமானம், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் போர்ட்டல் கேட்டுவிடும். லீவு நாளில் எங்கே போவாய் என்று அது கேட்காது. அதை நாம் கேட்க வேண்டும்.

மறுநாள் காலை, அரிசி களைவதற்கும் முன்னால், டிவிக்கு ரீசார்ஜ் செய்தேன்.