பூட்டுக்காரரின் பாட்டு அலமாரி

ஜன்னலில் போர்வையைக் கட்டி, நான்கு மூலையையும் இழுத்துப் பார்த்த பிறகுதான் பூட்டுக்காரர் கேமராவைத் தொடுவார். எதிர்வீட்டு மாடியோ மரமோ படத்தில் விழுந்துவிட்டால் போச்சு. வீடு எங்கே இருக்கிறதென்று எவனாவது மோப்பம் பிடித்துவிடுவான். இசைத்தட்டின் பளபளப்பில் தன் முகம் தெரிகிறதா என்றும் குனிந்து பார்த்துக்கொள்வார்.

பகலெல்லாம் கடைவீதி மூலையில் பூட்டு ரிப்பேர். சாவியைத் தொலைத்தவர்கள் கூப்பிட்டால் போய், கம்பியை விட்டு இரண்டு ஆட்டு ஆட்டுவார், கதவு திறந்துகொள்ளும். "பூட்டெல்லாம் சும்மா ஒரு மனசமாதானத்துக்குங்க" என்பார். இது தெரிந்தவருக்கு நிம்மதி எங்கிருந்து வரும்? ஆனால் அலமாரி நிறைய இசைத்தட்டுகளையும், தானே பலகை அறுத்துச் செய்த ஸ்பீக்கர் பெட்டிகளையும் நாலு பேருக்குக் காட்டாமலும் இருக்க முடியவில்லை. அதற்காகத்தான் சொந்தமாக ஓர் இணையதளம். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு படம், எந்த இடத்தில் கண்ணை மூடிக் கேட்க வேண்டும் என்று ஒரு குறிப்பு.

"உலகமே பாக்கணும். ஆனா எங்க இருக்குன்னு ஒருத்தனுக்கும் தெரியக் கூடாது."

"பேசாம நீங்களும் அந்த அலமாரிக்குள்ள போய்ப் பூட்டிக்குங்க" என்பாள் மனைவி.

ஒரு நாள் தளத்தில் பெயரில்லாமல் ஒரு கருத்து வந்தது: "ஸ்பீக்கர் ஒண்ணு கரகரன்னு இழுக்குதே, கவனிக்கலையா?"

அந்தக் கரகரப்பைப் பற்றி அவர் எங்கும் எழுதியதில்லை. முதல் சந்தேகம், ஒயர் இழுத்துக் கொடுத்த மச்சினன் மேல். போனில் பிடித்தார்.

"யார்கிட்டடா என்ன சொல்லி வெச்சிருக்கே?"

"உங்க ஸ்பீக்கரைப் பத்திப் பேசறதுதான் எனக்குப் பொழப்பா, மாமா?" என்று அவன் வைத்துவிட்டான்.

வாசல் பூட்டை மாற்றினார். புதுச் சாவியை மனைவியிடம் கொடுப்பதற்கே யோசித்தார். பிறகு ஒரு பொறி வைத்தார். மத்தளத் தட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு, 'இன்று வயலின் கேட்டேன்' என்று தளத்தில் எழுதினார். கொஞ்ச நேரத்தில் பதில்: "வயலினா? மத்தளம்ல கேட்டுச்சு?"

கேட்டுச்சு! அப்படியென்றால் அந்தக் காது பக்கத்தில்தான் இருக்கிறது. செருப்புகூட மாட்டாமல் போய் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார். திறந்தது தையல்காரம்மா. கழுத்தில் அளவு டேப், கையில் போன், திரையில் அவருடைய தளம்.

"கோச்சுக்காதீங்கண்ணே. நாள் பூரா நானும் மெஷினும்தான். செவுத்துக்கு அந்தப் பக்கம் பாட்டு வந்தாத்தான் எனக்குக் கை ஓடுது. என்ன பாட்டுன்னு தெரிஞ்சுக்க ஆசை. உங்க வீட்டு அக்காதான் தளத்தோட அட்ரஸ் குடுத்தாங்க."

"அவ வேற யாருக்கெல்லாம் குடுத்திருக்கா?"

"அது தெரியாதுண்ணே. ஆனா பாதியில பாதியில நிறுத்திடறீங்க பாருங்க, அதுதான் கஷ்டமா இருக்கு."

வீட்டுக்குத் திரும்பி வந்தார். மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். "இவ்வளவு எழுதறீங்க, ஒரே ஒருத்தராவது படிக்கட்டுமேன்னுதான்" என்றாள். அவர் அதை நம்பியதாகத் தெரியவில்லை.

அலமாரியைத் திறந்து, வெகுநேரம் தேடி, ஒரு தட்டை எடுத்துத் துடைத்துப் போட்டார். ஒலியைச் சற்றே கூட்டினார். பிறகு பேசாதே என்று மனைவிக்குச் சைகை காட்டிவிட்டு, பூனைபோல் நடந்து போய், அந்தப் பக்கம் மெஷின் ஓடுகிறதா என்று சுவரில் காதை வைத்தார்.