பங்காளிகளுக்குச் சாப்பாடு போட்டவர்

சாகுல் நானா மவுத்தாகிவிட்டார் என்று அவருடைய மகன் தொலைபேசியில் சொன்னபோது நான் வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

எண்பதுகளில் மலேசியாவின் கோல சிலாங்கூரில் அவர் கடையில் சாப்பிட்டவர்களுக்கு அந்த மீன் குழம்பு நினைவிருக்கும். அங்கே வேலைக்கு நின்று தே தண்ணி, அதாவது டீ, கலக்கிய எனக்கோ பின்வாசல்தான் நினைவுக்கு வருகிறது. எச்சில் இலை நாறுகிறது என்று அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்தார்கள். சுகாதார அதிகாரி ஒரு மாதம் கெடு வைத்தார். நாற்றம் நிற்காவிட்டால் லைசென்ஸ் போய்விடும். நானாவின் குடும்பம் முழுக்க அந்தக் கடையை நம்பியிருந்தது.

எங்கள் தோட்டத்து மாட்டுக் கொட்டகையில் மண்புழுக்கள் சாணியைக் கரிய மண்ணாக்கிவிடும் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். மறுநாளே என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய், ஒரு பிஸ்கட் டின் நிறைய அள்ளி வந்தார். எச்சில் இலையைத் தின்று மண்ணாக்கட்டும் என்று பின்வாசலில் மரப்பெட்டிகளில் குடிவைத்தோம். சாப்பாட்டுக் கடையில் ‘புழு’ என்று யார் வாயிலாவது வந்தால் என்னாவது?

“இனிமே அதுங்க பேரு பங்காளி லா,” என்றார் நானா.

அன்று மாலையே ஒரு கூத்து நடந்தது. “விருந்தாளிக்கு வெறும் இலையா போடறது?” என்று மீன் குழம்பையும் சேர்த்து ஊற்றிவிட்டார். உப்பும் புளியும் மிளகாயும் தாங்காமல், காலையில் பாதிப் பங்காளிகள் பெட்டிக்கு வெளியே செத்துக் கிடந்தன. நானா அன்று பசியாறவில்லை. “நம்ம நாக்கு ருசிய அதுங்க தலையில கட்டிட்டேனே,” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

பிறகு கழுவிய இலை, காய்கறித் தோல், தேத்தூள் சக்கை, நனைத்த பழைய பேப்பர் மட்டும்தான். பேப்பரின் தலைப்புச் செய்தி மூன்றே வாரத்தில் மண்ணாகியிருந்தது. கையில் எடுத்தால் மழை பெய்த வாசனை. அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. இப்போது எழுதும்போதும் சிலிர்க்கிறது.

கெடு முடிந்த அன்று அதிகாரி வந்தார். நம்மாள்தான், தமிழர். அந்த நேரம் பார்த்து நான் உள்ளிருந்து, “நானா, பங்காளிங்களுக்குத் தண்ணி தெளிச்சாச்சு லா!” என்று கத்தித் தொலைத்தேன்.

“லைசென்ஸ்ல உங்க பேரு மட்டுந்தானே இருக்கு? பங்காளி யாரு?” என்றார் அதிகாரி.

நானா பின்வாசலுக்கு அழைத்துப்போய்ப் பெட்டியை மூடியிருந்த சாக்கை விலக்கினார். அதிகாரி குனிந்தார், ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். பிறகு, “வீட்டுல ஆர்க்கிட் வெச்சிருக்கேன், கொஞ்சம் கிடைக்குமா?” என்றார். கடை பிழைத்தது.

நேற்று மையத்தாங்கொல்லையில் நானாவை அடக்கம் செய்து மண் தள்ளும்போது மண்வெட்டி முனையில் ஒன்று நெளிந்தது. “பார்த்துப்பா, பங்காளி!” என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். நானாவின் மகன் மண்வெட்டியைக் கீழே போட்டான். மண்ணோடு அதை இரண்டு கையாலும் ஏந்திக் குழிக்குள் மெல்ல விட்டான்.

“வாப்பாவுக்குத் தெரிஞ்சவங்கதானே, மாமா,” என்றான்.

நானாவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு சொல். என் வீட்டுப் பின்புறத்திலும் ஒரு பெட்டி இருக்கிறது. அடக்கம் முடிந்து வந்ததும், விட்ட இடத்திலிருந்து வாழைத்தண்டை நறுக்கிப் பங்காளிகளுக்குப் போட்டேன்.