கைதட்டல் வாங்கிய ஐந்து வாக்கியங்கள்

அந்தப் பள்ளிக்கூடத்தில் மாணவிகள் யாரும் அவரைப் பெயரால் குறிப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவர் பிகாஸ் டீச்சர். ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம். காரணத்தையும் விளைவையும் பிகாஸ், சோ, தேர்ஃபோர் என்று ஆங்கிலத்தில் கோத்துச் சொல்ல வைப்பதற்குள் பிள்ளைகளின் பிராணனை வாங்கிவிடுவார். தாமதமாக வந்து வாசலில் நிற்பவள்கூட முழு வாக்கியமாகக் காரணம் சொன்னால்தான் உள்ளே வரலாம். பஸ் பழுதானால் பாவமில்லை, பிகாஸ் இல்லாமல் பழுதாகக் கூடாது.

நோட்டு திருத்துவதில் சூரர். மதியச் சாப்பாட்டு வேளையில் ஒரு கையில் ஸ்பூன், மறு கையில் சிவப்புப் பேனா. நாற்பது நோட்டையும் மணி அடிப்பதற்குள் முடித்துவிடுவார். வாக்கியம் சரியாக நிற்கிறதா என்று மட்டும் பார்ப்பார், என்ன சொல்கிறது என்று பார்க்க மாட்டார். அதுதான் அந்த வேகத்தின் ரகசியம். “நெஜமா இருக்கணும்னு இல்ல, கற்பனையா எழுதுங்க” என்று அவரே சொல்லியும் வைத்திருந்தார். ஆகவே நோட்டுகளில் பசுமாடு பறந்தாலும் அவர் கண்டுகொள்வதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாவது பெஞ்சுப் பெண்ணின் நோட்டில் ஐந்து வாக்கியங்கள் இருந்தன. பெயின்டர் வேலை பார்க்கும் அப்பா ஏணியிலிருந்து விழுந்ததால் நடக்க முடியவில்லை. அவரால் நடக்க முடியாததால் அம்மா வேலைக்குப் போகிறாள். அம்மா போவதால் குட்டித் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை. ஆளில்லாததால் நான் பள்ளிக்கு வர முடியாது. ஆகவே வெள்ளிக்கிழமைதான் எனக்குக் கடைசி நாள்.

ஒன்றின் விளைவே அடுத்ததற்குக் காரணம்! டீச்சர் பூரித்துப்போனார். வெரி குட் போட்டு, மறுநாள் வகுப்பில் உரக்க வாசித்து, எல்லாரையும் கைதட்டச் சொன்னார். தட்டினார்கள், ஆனால் சுரத்தே இல்லை. அந்தப் பெண் எழுந்து நின்று டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்து அவளை உட்காரச் சொன்னார்.

வகுப்பாசிரியை வேறொருவர் என்பதால் வருகைப் பதிவேடு இவர் கைக்கு வருவதில்லை. மூன்று வாரம் கழித்து, திருத்திய நோட்டுகளைக் கொடுக்கும்போது அந்தப் பெண்ணின் நோட்டு கட்டுக்குள் இல்லை.

“எங்கடி அவ? காய்ச்சலா?”

பக்கத்துப் பெண் எழுந்தாள். “நின்னுட்டா டீச்சர். நீங்கதானே அன்னைக்கு வாசிச்சீங்க.”

டீச்சர் நேரே தலைமையாசிரியையிடம் ஓடினார். ஆசிரியைகளின் சின்னக் குழந்தைகளை விட்டுவைக்கப் பள்ளியிலேயே ஓர் அறையும், பார்த்துக்கொள்ள ஓர் ஆயாவும் உண்டு. அங்கே அந்தத் தம்பியையும் விடலாமா என்று கேட்டார்.

“இதுக்குப் போயி இப்படி மூச்சு வாங்க ஓடி வரணுமா? தாராளமா கூட்டிட்டு வரச் சொல்லுங்க.”

இரண்டே நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அந்த இரண்டு நிமிஷம்தான் ஓய்வுபெற்ற பின்னும் அவர் நெஞ்சை அறுத்துக்கொண்டிருக்கிறது. தன்னைத்தானே அவர் மன்னிக்கவே இல்லை.

அன்று சாயங்காலமே விலாசம் விசாரித்துப் போனார். சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறைகள். அப்பா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அப்போதுதான் வேலையிலிருந்து திரும்பியிருந்த அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். டீச்சர் உட்காரக்கூட இல்லை, ஆயா, அறை, தம்பி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார்.

அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

“அவளையும் தம்பியையும் என் தங்கச்சி அவ ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டா டீச்சர். சின்னவன அங்க பாத்துக்கறாங்க. இவ தையல் கடைக்குப் போறா.”

“நான் போயி கூப்பிட்டா வருவாளா?”

“நானே நேத்து போன்ல கேட்டுப் பாத்தேன். இனிமே படிப்பு வேணாம்னுட்டா.”

அம்மாவின் குரலில் கோபம் துளியும் இல்லை.

“மொத வாரம் முழுக்க இந்த ஜன்னல் பக்கத்துலயேதான் நின்னா. ‘நம்ம வீடு எங்கன்னு யாராவது சொல்லிடுவாங்கம்மா, டீச்சர் கண்டிப்பா வருவாங்க’ன்னா. நான்தான் திட்டி உள்ள கூப்பிடுவேன்.”