பையன் பேருல போடுங்க

இது நடந்ததுதான். நம்பாதவர்கள் ஆர்.எஸ்.புரத்தில் சுரேந்தரைக் கேட்டுப் பார்க்கலாம். பதில் சொல்லாமல் எழுந்து போய்விடுவான், அவ்வளவுதான்.

வங்கிகளைக் கண்காணிக்கும் வாரியத்தைக் கலைத்துவிட்டார்கள். திவாலான வங்கிகளில் பணம் போட்டு ஏமாந்தவர்களுக்கென்று வாரியம் வைத்திருந்த நிதியை, அன்று மாலை ஐந்து மணிக்குள் அரசுக் கருவூலத்துக்கு மாற்றியாக வேண்டும். அதற்குள் வாங்கினால் உண்டு. பிறகு போய்க் கேட்க ஆபீஸே இருக்காது. மாற்றும் வேலை அதிகாரி சுரேந்தர் தலையில் விழுந்தது.

நாலரை மணி. கம்ப்யூட்டரிலிருந்து நிமிர்ந்தான். எதிர் நாற்காலியில் பாவாத்தாள்.

மேட்டுப்பாளையம் பாக்கு மண்டியில் வேலை செய்பவள். மகன் எழிலின் சிறுநீரக ஆபரேஷனுக்குச் சேர்த்த நாலு லட்சமும் வங்கியோடு போயிற்று. வாரம் தவறாமல் வந்து நிற்பாள். போன வாரம் மட்டும் காணோம்.

கதவு திறந்தால் மணி அடிக்கும். அடிக்கவில்லையே... வேலை மும்முரத்தில் காதில் விழவில்லை போல.

"வாங்கம்மா. உங்க பணம் பாஸ் ஆயிருச்சுங்க. இப்பவே உங்க கணக்குல போட்டர்றேன்."

"எம்பட கணக்கு வேண்டாமுங்க. பையன் பேருல போடுங்க."

"நீங்க இருக்கறப்ப அவன் பேருல போட ரூல் இல்லீங்கம்மா."

வாயைத் திறந்தாள்... மூடிக்கொண்டாள்.

பியூன் சீனிவாசலு டீ கொண்டுவந்தான். எப்போதும் அவளுக்கும் ஒன்று வைப்பான். இன்று ஒரே டம்ளர். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"பையன் பேருல... போடுங்க..."

உதடு அசையவில்லை.

சுரேந்தர் ஒரு நொடி அவளைப் பார்த்தான். ஆனாலும் ரூல் ரூல்தான். அவள் கணக்குக்கே அனுப்பினான்.

டிக்.

நிமிர்ந்தான்.

நாற்காலி காலி.

மணி அடிக்கவில்லை...

ஐந்து மணிக்கு மீதி நிதியும் கருவூலத்துக்குப் போனது. வாரியத்தின் கணக்கு மூடப்பட்டது. 5.04-க்குத் திரையில் ஒரு வரி வந்தது. பாவாத்தாளின் பணம் திரும்பிவிட்டது, கணக்குக்காரர் இறந்துவிட்டார். திரும்பிய பணமும் நேரே கருவூலத்துக்குள் போய் விழுந்தது.

எழிலுக்குப் போன் போட்டான்.

"அம்மா தவறிப் பத்து நாளாச்சுங்க சார். மண்டியிலயே உழுந்துட்டாங்க."

பேயானாலும் தாய் என்பார்கள். அவள் தாயாகத்தான் வந்திருந்தாள். செத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அதே ரூல்படி பணம் மகனுக்குப் போயிருக்கும். அதை மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை.

"காரியம் முடிச்சுப்போட்டு நாளைக்கு வரலாம்னு இருந்தேனுங்க," என்றான் எழில். "இனி அந்தப் பணம் எம்பேருக்குத்தானுங்களே வரும்? நான் யாரை வந்து பாக்கட்டுங்க சார்?"

சுரேந்தர் வாயைத் திறந்தான்... மூடிக்கொண்டான்.